தோல் வேட்டை பூட்ஸ் தொல்லை தந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வேட்டைக்குப் போகிறவரின் தோல் பூட்ஸில் வரும் கோளாறுகளில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருக்கும், உள்ளே காரணம் மூன்று நான்காக இருக்கும். சாக்ஸ் நனைந்திருக்கிறது என்றால் தையல் ஒழுகியிருக்கலாம், வியர்வையாக இருக்கலாம், புல்லிலிருந்து தண்ணீர் மேல்வாய் வழியாக இறங்கியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் பெரும்பாலானவர்கள் மூன்றுக்கும் ஒரே மெழுகு டப்பாவைத்தான் திறக்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் பூசிய மெழுகு புதிதாக ஒரு கோளாறைக் கொண்டுவரும். அதனால் காரணம் தெரியும்வரை டப்பாவைத் தொட வேண்டாம்.

தொடங்கும் முன் உங்கள் பூட்ஸைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மேல்தோல் எந்த வகை: வழவழப்பான முழுத்தோலா, மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கிய நூபக்கா, உட்பக்கத் தோலான ஸ்வேடா? உள்ளே கோர்டெக்ஸ் போன்ற நீர்புகா உறை இருக்கிறதா, வெறும் தோல்தானா? சோல் தைத்ததா, ஒட்டியதா? சோலின் ஓரத்தைச் சுற்றி நூல் தெரிந்தால் பெரும்பாலும் தைத்ததாக இருக்கும். சில கம்பெனிகள் அழகுக்காகப் போலித் தையல் போடுவதுண்டு, அதனால் நூல் உண்மையாகவே தோலுக்குள் நுழைகிறதா என்று பார்க்கவும்.

உள்ளே ஈரம்

முதலில் இரண்டு சாக்ஸையும் கழற்றி ஒப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் நனைந்திருந்தால் அது ஒழுகல்தான். இரண்டு காலும் ஒரே அளவு ஈரமாக, உள்ளங்காலிலும் விரல் இடுக்கிலும் அதிகமாக இருந்தால் வியர்வை. கணுக்காலுக்கு மேலே சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைந்து, ஈரம் அங்கிருந்து கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் மேல்வாய் வழியாக வந்திருக்கிறது. பனி படர்ந்த புல்லில் விடியற்காலையில் நடந்தால் கால்சட்டை நனையும், கால்சட்டையிலிருந்து சாக்ஸ் உறிஞ்சும், சாக்ஸ் வழியாக ஈரம் பூட்ஸுக்குள் இறங்கும். இதற்குப் பூட்ஸ் என்ன செய்யும்? கெய்ட்டர் எனப்படும் கணைக்கால் உறையைக் கட்டினால் தீர்ந்தது.

ஒழுகல் என்று சந்தேகம் வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, காய்ந்த செய்தித்தாளைப் பூட்ஸுக்குள் விரல் நுனிவரை இறுக்கமாக அடைக்கவும். மேல்வாய் மூழ்காத அளவுக்கு வாளியில் தண்ணீர் விட்டு, பூட்ஸை அதில் அமுக்கிப் பிடித்து, விரல் மடியும் இடத்தைக் கையால் வளைத்து வளைத்து விடவும். அரை மணி நேரம் கழித்துத் தாளை உருவிப் பார்த்தால் ஈரம் பட்ட இடம் தெரியும். பெரும்பாலும் சிக்குவது மூன்று இடங்கள்: சோலும் மேல்தோலும் சேரும் தையல், விரல் மடிப்பில் வெடித்த தோல், நாக்கின் இருபுறமும் உள்ள மடிப்புத் தோலின் தையல். கடைசி இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. அந்த மடிப்பு எவ்வளவு உயரம் வரை போகிறதோ அவ்வளவு ஆழத் தண்ணீரைத்தான் பூட்ஸ் தாங்கும். வாங்கும்போதே நாக்கை விரித்து அதைப் பார்த்துவிடுவது நல்லது.

தையலில் ஒழுகினால் தேன்மெழுகு கலந்த பசையை விரல் நுனியால் தையல்மேல் வைத்து அழுத்தித் தேய்க்கவும். விரலின் சூட்டிலேயே மெழுகு இளகி நூல் துளைக்குள் இறங்கும். ஒரு நாள் விட்டு இன்னொரு முறை. நூலே அறுந்திருந்தால் மெழுகு உதவாது, மறுபடி தைக்க வேண்டும்.

நீர்புகா உறை உள்ள பூட்ஸில் கதை வேறு. அங்கே தண்ணீர் மேல்தோலைத் தாண்டி, உறைக்கு வெளியே எங்கெங்கோ சுற்றிவிட்டு, உறையில் கிழிசல் உள்ள இடத்தில்தான் உள்ளே வரும். தாளில் ஈரம் தெரியும் இடமும் மேல்தோலில் தண்ணீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்காது. உறையைக் கிழிப்பவை முள், உள்ளே புகுந்த சிறு கல், அப்புறம் வெட்டாமல் விட்ட கால் நகம். உறையில் ஓட்டை விழுந்துவிட்டால் வெளியே எவ்வளவு மெழுகு பூசினாலும் நிரந்தரத் தீர்வு கிடைக்காது. புது பூட்ஸ் என்றால் உத்தரவாதத்தைக் கேளுங்கள். பழையது என்றால் வறண்ட நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வைதான் என்று தெரிந்தால், இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: மேல்தோல் தண்ணீரை உறிஞ்சிக் கறுத்துப் போயிருக்கிறதா? பாப் கோர் 1969-இல் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து விரித்துக் கண்டுபிடித்த பொருளிலிருந்து உருவானதுதான் கோர்டெக்ஸ். அது ஆவியை வெளியே விடும், திரவத்தை உள்ளே விடாது. ஆனால் மேல்தோல் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் ஆவி போக வழியில்லை. அப்போது உறை கெடாமலேயே கால் நனையும், நீங்கள் ஒழுகல் என்று நினைப்பீர்கள். மேல்தோலில் தண்ணீர் முத்தாக உருளும்படி, நீர்புகா உறைக்கு ஏற்ற நீர் கலந்த பூச்சைப் பூசினால் சரியாகும். இங்கே கெட்டியான கொழுப்பை அப்பினால் துளை அடைபட்டு வியர்வை இன்னும் கூடும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சூடும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் நாள் முழுக்க நடப்பவருக்கு நீர்புகா உறை தேவையில்லை. வெளியே காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது உள்ளிருக்கும் ஆவிக்கு வெளியேறும் உந்துதல் குறைவு. உறையில்லாத முழுத்தோல் பூட்ஸ் நனையும், ஆனால் சீக்கிரம் காயும். குளிர்ந்த, சேறான நிலத்தில்தான் அந்த உறை தன் விலைக்கு உழைக்கும்.

குதிகால் எழும்புகிறது, கொப்புளம் வருகிறது

புது பூட்ஸில் குதிகால் லேசாக, அரை சென்டிமீட்டர் அளவுக்கு எழும்புவது இயல்பு. சோல் இன்னும் வளையப் பழகவில்லை, கால் வளைகிறது, பூட்ஸ் வளைய மறுக்கிறது. சில வாரம் போட்டு நடந்தபின் அது தானாகக் குறையும். குறையாவிட்டால் லேஸ் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். கால் மேட்டில், கணுக்கால் மடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு லேஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை சுற்றி இறுக்கினால் அந்த இடம் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். கீழ்ப்பகுதியைத் தளர்வாகவும் மேல்பகுதியை இறுக்கமாகவும் வைத்துக்கொள்ள இது வழி தருகிறது. அதன்பிறகும் குதிகால் எழும்பினால் பூட்ஸின் அச்சு உங்கள் காலுக்குப் பொருந்தவில்லை. கொஞ்சம் கனமான இன்சோல் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் சிரமப்படுவதில் பயனில்லை.

கொப்புளம் உரசலாலும் ஈரத்தாலும் சேர்ந்து வருவது. நடக்கும்போது ஓரிடத்தில் சூடாக எரிவது தெரிந்தவுடனே நிறுத்தி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். முகாமுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மறுநாள் நடை போச்சு. பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெரினோ கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் காலுக்கு இதம். கொப்புளம் எப்போதும் ஒரே இடத்தில் வந்தால், பூட்ஸுக்குள் கைவிட்டு அந்த இடத்தைத் தடவுங்கள். சுருண்ட உட்துணி, தூக்கிய தையல், இன்சோல் ஓரம் என்று ஏதாவது ஒன்று கையில் தட்டுப்படும்.

இறக்கத்தில் விரல் முட்டுகிறது, நகம் கறுக்கிறது

முதலில் மேலே சொன்ன லேஸ் பூட்டைச் செய்து பாருங்கள். கால் முன்னால் சறுக்குவதுதான் காரணம் என்றால் நின்றுவிடும். நிற்காவிட்டால் அளவு சிறிது, வேறு மருந்து இல்லை. நீளத்தைத் தோல் விட்டுக்கொடுக்காது. அகலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், செருப்பு தைப்பவரிடம் மரக்கட்டை வைத்து விரிக்கச் சொல்லலாம்.

வாங்கும்போது இதைத் தவிர்ப்பது எளிது. மாலையில் போய் அளவு பாருங்கள், பகல் முழுக்க நடந்த கால் வீங்கியிருக்கும். காட்டுக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, விரல் முட்டும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு கைவிரல் நுழைய வேண்டும். பிறகு லேஸைக் கட்டி, சாய்வான பலகையிலோ படியிலோ இறங்கி நின்று பாருங்கள். விரல் தொடக் கூடாது. இரண்டு கால்களில் பெரியதற்கே அளவு எடுக்கவும். எடையையும் பாருங்கள். காலில் கட்டிய எடை, முதுகில் சுமக்கும் அதே எடையைவிட அதிகமாகக் களைக்க வைக்கும். அலைந்து வேட்டையாடுபவர் கனமான பூட்ஸை வாங்கிவிட்டு மதியத்துக்கு மேல் காலை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

தோல் விறைத்து வெடிக்கிறது

தோலின் இழைகளுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது, அதனால்தான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைகின்றன. நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொழுப்பு கொஞ்சம் போகும். காயும் சேறு அதைக் கூடுதலாக உறிஞ்சி எடுக்கும். ஆகவே வெடிப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் சேற்றோடு ஓரமாக வைத்த பூட்ஸ்.

இரண்டாவது காரணம் நெருப்பு. முகாமில் நனைந்த பூட்ஸை நெருப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பதைப்போல் அதற்குக் கெடுதல் வேறில்லை. ஈரத்தோல் காய்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும். மரப்பட்டையால் பதனிட்ட தோல் ஈரமாக இருந்தால் 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள் சுருங்கிவிடும், மறுபடி விரியாது. குரோமியத்தால் பதனிட்டது இன்னும் தாங்கும், ஆனால் சோலை ஒட்டிய பசை தாங்காது. கையை வைத்தால் எடுக்கத் தோன்றும் சூடு பூட்ஸுக்கும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காயவைக்கும் முறை இது. அன்றைக்கே சேற்றைத் தண்ணீராலும் மென்மையான பிரஷ்ஷாலும் கழுவுங்கள். ரத்தம் பட்டிருந்தால் குளிர்ந்த நீர் மட்டும், சுடுநீர் பட்டால் ரத்தம் உறைந்து பிடித்துக்கொள்ளும். லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளை அடைக்கவும். முதல் சில மணி நேரத்தில் தாள் வேகமாக ஊறும், ஊற ஊற மாற்றவும். அடைத்த தாளை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினால் அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். காற்றோட்டமான நிழல் போதும், மின்விசிறி இருந்தால் இன்னும் நல்லது.

முழுக்கக் காய்ந்தபின் தோல் விறைப்பாக இருந்தால்தான் கண்டிஷனர், அதாவது தோலுக்குக் கொழுப்பைத் திருப்பித் தரும் பூச்சு, பூசவேண்டும். மெல்லியதாகப் பூசி, ஓரிரவு விட்டு, மீந்ததைத் துடைத்துவிடவும். மேலோட்டமான வெடிப்பு இத்தோடு நிற்கும், மேலும் பரவாது. ஆனால் வெடித்த இழை மறுபடி சேராது. வெடிப்புக்குள் நகம் இறங்கினால் அந்த இடம் இனி தண்ணீர் தாங்காது. நூபக், ஸ்வேட் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: மெழுகு பூசினால் அந்த மென்மயிர் படிந்து நிறம் கறுக்கும், திரும்பப் பழைய தோற்றம் வராது. காட்டுக்கு மட்டும் போடுவதானால் எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

தோல் துவண்டு, கணுக்கால் தாங்கவில்லை

இது முந்தையதற்கு எதிரான கோளாறு, அக்கறை மிகுந்தவர்களுக்கு வருவது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் ஊற்றி ஊற்றித் தோல் துணிபோல் ஆகியிருக்கும். மாட்டுக்கால் எண்ணெய், மிங்க் எண்ணெய் போன்றவை ஆழமாக இறங்கித் தோலை மிகவும் இளக்கும். தேன்மெழுகு சேர்ந்தவை மேலேயே நின்று விறைப்பைக் காக்கும். உயரமான பூட்ஸுக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். பூசிய மறுநாள் கையில் பிசுபிசுப்பு ஒட்டினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். டால்கம் பவுடரைத் தூவி ஓரிரு நாள் விட்டுத் தட்டி எடுத்தால் மேலாக உள்ளது கொஞ்சம் வரும். உள்ளே இறங்கியதை எடுக்க முடியாது. பல மாதங்களுக்கு எதையும் பூசாமல் போட்டு நடங்கள், அதுதான் செய்யக்கூடியது.

தோல்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

மூன்று பொருட்கள் இப்படித் தெரியும், அவற்றைப் பிரித்தறிய ஒரு ஹேர் டிரையர் போதும். தள்ளி நின்று இளஞ்சூட்டுக் காற்றைக் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது தோலுக்குள்ளிருந்து வெளியே வந்த கொழுப்பு. ஒன்றும் கெடுதல் இல்லை, துணியால் தேய்த்துவிட்டுப் போகலாம். மறையாவிட்டால் ஈரத்துணியால் துடையுங்கள். கரைந்து போய், காய்ந்ததும் அலை அலையான கோடாகத் திரும்பி வந்தால் அது உப்பு. வியர்வையிலிருந்தோ நிலத்திலிருந்தோ வந்திருக்கும். வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து பல முறை துடைத்து, காயவிட்டு, கண்டிஷனர் பூசவும். பஞ்சுபோல், வட்டத் திட்டுகளாக, மக்கிய வாசனையோடு இருந்தால் பூஞ்சை.

பூஞ்சையை வீட்டுக்குள் வைத்துத் துலக்க வேண்டாம், தூள் எங்கும் பரவும். வெளியே கொண்டுபோய்ப் பிரஷ்ஷால் தட்டி, அதே வினிகர்த் தண்ணீரால் உள்ளும் புறமும் துடைத்து, நன்றாகக் காயவிடவும். ப்ளீச் கூடவே கூடாது. துடைத்தபின் எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள். பிளாஸ்டிக் பை, மூடிய பெட்டி, வண்டியின் பின்பெட்டி, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மறுபடி அங்கே வைத்தால் மறுபடி வரும்.

சோல் பிரிகிறது

பிரிந்த இடத்தை விரித்து, உள்ளே நகத்தால் சுரண்டுங்கள். இரண்டு பரப்பும் கெட்டியாக இருந்தால் பசை மட்டும் விட்டிருக்கிறது, ஒட்டலாம். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, காண்டாக்ட் சிமென்ட் பசையை இரண்டு பக்கமும் பூசவும். டப்பாவில் சொன்ன நேரம்வரை, தொட்டால் கையில் ஒட்டாத நிலைவரை பொறுத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்திக் கட்டவும். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதால்தான் பலருக்கும் ஒட்டு நிற்பதில்லை.

நகம் பட்டதும் பொடியாகவோ பிசினாகவோ உதிர்ந்தால் நிலைமை வேறு. மேல்தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு இருக்கும். பாலியூரித்தேனால் செய்த அடுக்கு காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் மெல்லச் சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் 5 முதல் 10 வருடத்தில் இது நடக்கலாம். பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸ், முதல் நாள் நடையிலேயே கழன்று விழுவது இதனால்தான். இதை எந்தப் பசையும் பிடிக்காது, ஒட்டுவதற்குப் பரப்பே அங்கே இல்லை. பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே அந்த அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ சோலை மாற்றாமல் காட்டுக்குப் போக வேண்டாம்.

நடுக்காட்டில் பிரிந்துவிட்டால் கயிற்றாலோ கெட்டியான டேப்பாலோ சோலையும் மேல்தோலையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். முன்பகுதியில் ஒன்று, கால் வளைவில் ஒன்று. திரும்பி வர அது போதும்.

வழுக்குகிறது

ஆல்ப்ஸில் 1935-இல் தோழர்கள் ஆறு பேரை இழந்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் சோலை 1937-இல் உருவாக்கினார். விப்ரம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த ஆழமான பள்ளம் பாறைக்கும் மண்ணுக்கும் அருமை. ஒட்டும் களிமண்ணில் பள்ளம் நிறைந்துவிட்டால் சோல் வழவழப்பாகிவிடும், அங்கே அகன்ற இடைவெளியுள்ள பள்ளம்தான் சேற்றை உதறும். பள்ளம் தேயாமலே ஈரப்பாறையில் வழுக்கினால் ரப்பர் வயதாகி இறுகியிருக்கிறது. நகத்தை அழுத்தினால் கொஞ்சமும் பதியாது. அதற்குச் சோல் மாற்றுவதுதான் வழி.

நடந்தால் கிறீச்சிடுகிறது

வேட்டைக்கு இது பெரிய குறை. இன்சோலை எடுத்துவிட்டு நடந்து பாருங்கள். சத்தம் நின்றால் இன்சோலுக்கு அடியில் டால்கம் பவுடர் தூவினால் போதும். நிற்காவிட்டால் நாக்கைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள், தோலோடு தோல் உரசும் ஓரத்தில் துளி கண்டிஷனர் தேய்க்கவும். கால் வளைவில் டக்கென்று சத்தமும், அங்கே பூட்ஸ் முன்பைவிட எளிதாக மடிவதும் சேர்ந்திருந்தால் உள்ளிருக்கும் தகடு உடைந்திருக்கலாம். அந்தப் பூட்ஸோடு மலையேற வேண்டாம். உலோகக் கொக்கிகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் வந்தால் கெய்ட்டர் மூடிவிடும். லேஸ் எப்போதும் ஒரே கொக்கியில் அறுந்தால் அந்தக் கொக்கியின் கூர்விளிம்பை அரத்தால் தேய்க்கவும்.

நாற்றம்

வியர்வையில் வளரும் பாக்டீரியா. விலங்கு மோப்பம் பிடிக்கும் தொழிலில் இது வெட்கத்தைவிடப் பெரிய பிரச்சினை, வாசனைத் திரவியத்தால் மறைப்பதும் அதே அளவு கெடுதல். இன்சோலை வாசனையில்லாத சோப்பால் கழுவிக் காயவிடவும். சமையல் சோடாவைச் சிறு துணிப்பையில் கட்டி இரவு உள்ளே வைக்கலாம், நேரடியாகத் தோல்மேல் கொட்ட வேண்டாம். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் உட்புறம் நன்றாகக் காயும்.

டர்பன்டைன் வாசனை அடிக்கும் மெழுகை வேட்டைக்கு முந்திய இரவு பூசாதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பெட்ரோல் பங்க்கில் அதே பூட்ஸோடு இறங்கினால் தரையில் சிந்திய எண்ணெய் சோலில் ஏறிக் காடுவரை வரும். வண்டி ஓட்ட வேறு செருப்பு போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

கால் குளிர்கிறது

உடனே இன்னொரு சாக்ஸ் போடத் தோன்றும், பல சமயம் அதுதான் காரணமே. இறுகிய பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். முதலில் லேஸைத் தளர்த்தி, விரல்களை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். அசைக்க முடிந்தும் குளிர்ந்தால் ஈரம் இருக்கிறதா பாருங்கள். தின்சுலேட் போன்ற குளிர்காப்பு அடுக்கு 200, 400, 800 என்று கிராமில் குறிப்பிடப்படும், ஒரு சதுர மீட்டருக்கு அவ்வளவு எடை என்று பொருள். 800 கிராம் பூட்ஸில் மேடேறி நடந்தால் கால் வியர்க்கும், பிறகு மறைவிடத்தில் அசையாமல் உட்கார்ந்ததும் அந்த வியர்வையே குளிரும். நடந்து வேட்டையாடுபவருக்குக் காப்பில்லாததோ 200-ஓ போதும், நெடுநேரம் உட்காருபவருக்குத்தான் அதற்கு மேல். இரண்டும் கலந்த நாளில் மெல்லிய சாக்ஸோடு நடந்துபோய், உட்காரும் இடத்தில் காய்ந்த கம்பளி சாக்ஸுக்கு மாறுங்கள்.

சரிசெய்வதா, புதிது வாங்குவதா

மேல்தோல் நன்றாக இருந்து, சோல் தைத்ததாக இருந்தால், சோல் மாற்றுவதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது. விரல் மடிப்பில் தோல் ஊடுருவி வெடித்திருந்தாலோ, குதிகாலைச் சுற்றியுள்ள விறைப்பான பகுதி அமுக்கினால் மடங்கினாலோ புதிது பார்க்க வேண்டியதுதான். புதியதைப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு வெளியே சின்ன நடை, அதன்பிறகு முதுகில் சுமையோடு மேடு பள்ளம் என்று பழக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காலிலேயே காயவிடும் குறுக்குவழி வேண்டாம், வெறும் நடையே போதும்.